பெயர் அட்டையின் மூன்றாம் வரி

ஓவியக் காட்சிக்கூடங்களில் ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு சிறிய அட்டை ஒட்டப்பட்டிருக்கும். முதல் வரியில் ஓவியரின் பெயர், இரண்டாம் வரியில் தலைப்பும் ஆண்டும், மூன்றாம் வரியில் ‘கேன்வாஸில் எண்ணெய் வண்ணம்’ என்றோ ‘காகிதத்தில் கரித்துண்டு’ என்றோ ஒரு குறிப்பு. பெரும்பாலானோர் முதல் இரண்டு வரிகளோடு நிறுத்திக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாம் வரி கிடங்குப் பதிவேட்டில் எழுதிய குறிப்பைப் போல இருப்பதால் அதை யாரும் பொருட்படுத்தாததில் வியப்பில்லை. ஆனால், கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளில் உருவான படங்களில், ‘இதில் என்ன இருக்கிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லையே’ என்று நாம் விட்டுவிட்டு நகரும் பலவற்றுக்கு விளக்கம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

தமிழில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் கையால் தொடக்கூடிய பண்டத்தையும் குறிக்கிறது, சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கிறது, செல்வத்தையும் குறிக்கிறது. ஓவியத்தின் வரலாற்றில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் பண்டத்தை ‘மூலப்பொருள்’ என்றும், அது சொல்ல வருவதை ‘அர்த்தம்’ என்றும் குறிப்பிடுகிறேன்.

முதலில் வண்ணம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்த வண்ணமானாலும் அதில் அடிப்படையாக இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, நிறத்தைத் தரும் நுண்ணிய தூள். இதை நிறமி என்கிறோம். மற்றொன்று, அந்தத் தூளைப் பிடித்து வைத்துப் பரப்பில் ஒட்டச் செய்யும் பிணைப்பான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் அது எண்ணெய் வண்ணம். முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்தால் டெம்பரா. வேல மரத்தின் பிசினில் குழைத்தால் நீர்வண்ணம். உருக்கிய மெழுகில் கலந்தால் மெழுகு வண்ணம். நீரில் மிதக்கும் செயற்கைப் பிசினில் கலந்தால் அக்ரிலிக். நிறமி ஒன்றாகவே இருந்தாலும் பிணைப்பான் மாறினால் பளபளப்பு, உலரும் வேகம், ஒளி ஊடுருவும் தன்மை, தூரிகைத் தடம் நிற்பதா மறைவதா என்பன எல்லாமே மாறிவிடும். எண்ணெய் உலர்வது நீர் ஆவியாவதைப் போன்றதன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது, அதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். அக்ரிலிக்கோ நீர் போனவுடன், சில நிமிடங்களிலேயே, உலர்ந்துவிடும். சிறிய தொழில்நுட்பச் செய்தியாகத் தோன்றும் இந்த வேறுபாடு, பின்னால் பார்க்கப்போவதைப் போல, ஒரு படத்தின் மனநிலையையே தீர்மானிக்கக்கூடியது.

மூலப்பொருளுக்கு அர்த்தம் உண்டு என்பது நவீனக் கலையின் கண்டுபிடிப்பு அன்று. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஓர் ஓவியரை அமர்த்தும்போது, அவர் பயன்படுத்த வேண்டிய நீலத்தின் தரத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவது உண்டு. 1485ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் ஓவியர் கிர்லாண்டாயோவோடு செய்துகொண்ட ஒப்பந்தம், ஓர் அவுன்ஸ் சுமார் நான்கு ஃப்ளோரின் (அந்நகரின் பொற்காசு) மதிப்புள்ள அல்ட்ராமரீன் நீலமே வேண்டும் என்று விதிக்கிறது. அந்த நீலம் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசுலி என்ற கல்லிலிருந்து கிடைத்தது. ஆகவே கன்னி மரியாளின் மேலாடையில் அதைப் பூசியபோது அது நீல நிறத்தைக் காட்டியதோடு நிற்கவில்லை. நன்கொடையாளர் தம் பக்திக்காக எவ்வளவு செலவழித்தார் என்பதையும் ஊருக்குச் சொன்னது. பொருளின் மூன்று பொருள்களும் ஒரே இடத்தில் கூடியிருந்த காலம் அது.

19ஆம் நூற்றாண்டின் வேதியியல் இதைக் குலைத்தது. அல்ட்ராமரீனைச் செயற்கையாகச் செய்யும் வழிக்கு பிரான்சில் ஒரு பரிசு அறிவிக்கப்பட்டு, 1828ஆம் ஆண்டில் அது கிமே என்ற வேதியியலாளருக்குக் கிடைத்தது. அரசர்களும் ஆலயங்களும் மட்டுமே வாங்கிய நீலம் யாரும் வாங்கக்கூடியதாயிற்று. 1841ஆம் ஆண்டில் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுக்கும் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குழாய் வந்தபின் ஓவியர் வெளியே ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் வண்ணத்தை எடுத்துச் செல்ல முடிந்தது. வெட்டவெளியில் மாறிக்கொண்டேயிருக்கும் ஒளியைத் துரத்த விரைவாகத் தீட்ட வேண்டியிருந்தது. விரைவாகத் தீட்டியதால் தூரிகைத் தடங்கள் மறையாமல் படத்திலேயே நின்றன. இப்படி வெட்டவெளியில் ஒளியைத் தீட்டிய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் ஆற்றுப் படத்துக்கு அருகில் சென்றால் நீர் மறைந்து வண்ணத் தீற்றல்கள் மட்டும் தெரிவதும், விலகி நின்றால் தீற்றல்கள் மறைந்து நீர் தெரிவதும் இதனால்தான். வண்ணம் தன்னை ஒளித்துக்கொண்டு வேறொன்றைக் காட்டும் வேலையிலிருந்து மெல்ல விலகி, தானும் அங்கே இருப்பதைக் காட்டத் தொடங்கியது.

1912ஆம் ஆண்டு இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டு சென்றது. அவ்வாண்டில் பிக்காசோ ஒரு சிறிய நீள்வட்டப் படத்தில், நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மேசை விரிப்புத் துணியின் துண்டு ஒன்றை ஒட்டினார். சட்டத்துக்குப் பதிலாக ஓரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. படத்திலேயே மிகவும் ‘உண்மை’யாகத் தெரியும் பகுதி அந்தப் பிரம்புப் பின்னல்; ஆனால் அது பிரம்பு அன்று, ஆலையில் அச்சடித்த போலி. தெளிவில்லாமல் சிதறிக் கிடப்பதைப் போலத் தோன்றும் கண்ணாடிக் குவளையும் பிற பொருள்களுமே ஓவியரின் கை தீட்டியவை. கயிறோ எதையும் சித்திரிக்கவில்லை. அது கயிறாகவே இருக்கிறது. அதே ஆண்டில் பிரெஞ்சு ஓவியர் பிராக், மரத்தின் வரிகளை அச்சடித்த சுவர்த்தாளை வெட்டி ஒட்டி, அதன்மேல் கரித்துண்டால் பழத்தட்டையும் குவளையையும் வரைந்தார். பிராக்கின் குடும்பம் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் செய்தது. சாதாரணப் பரப்பை மரம் போலத் தோன்றச் செய்யும் அந்தக் கைவினையில் அவரும் பயின்றவர். தம் கையால் செய்யத் தெரிந்த ஒரு ஏமாற்றைக் கடையில் வாங்கி ஒட்டியதில், ‘சித்திரிப்பது’ என்றால் என்ன என்ற கேள்வியை அவர் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். இதன்பிறகு ஓவியத்தில் ஒரு பொருள் மூன்று விதமாக இருக்கலாம் என்றாயிற்று: வரையப்பட்டதாக, போலியாக ஒட்டப்பட்டதாக, தானாகவே.

இந்த இடத்தில் தொடக்கநிலைப் பார்வையாளருக்கு ஒரு எளிய பயிற்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் முன் நின்று, மூன்றாம் வரியில் உள்ள மூலப்பொருளை மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். அதே உருவம், அதே அளவு, ஆனால் வேறு மூலப்பொருள். அப்படி மாற்றியபின் படத்திலிருந்து எதுவும் குறையவில்லை என்றால், அங்கே மூலப்பொருள் வெறும் ஊர்தி. ஓவியரின் கவனம் வேறெங்கோ இருக்கிறது. ஏதோ ஒன்று காணாமற்போகிறது என்றால், அந்தக் காணாமற்போனதைப் பற்றித்தான் பேசத் தொடங்க வேண்டும்.

அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954–55இல் செய்த ‘கொடி’யை வைத்து இதைச் சோதிக்கலாம். அன்றைய அமெரிக்கக் கொடி, 48 நட்சத்திரங்களோடு, சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கிறது. அச்சிட்ட படமாகப் பார்த்தால், ‘கொடியைக் கொடியாகவே வரைந்ததில் என்ன கலை?’ என்று கேட்கத் தோன்றும். மூன்றாம் வரி சொல்வது இது: துணியில் மெழுகு வண்ணம், எண்ணெய், ஒட்டுச்சித்திரம், துணி ஒட்டுப்பலகையின்மேல் பொருத்தப்பட்டுள்ளது. ஜான்ஸ் முதலில் வீடுகளுக்குப் பூசும் எனாமலில் தொடங்கி, அது போதிய வேகத்தில் உலராததால் மெழுகுக்கு மாறினார். உருகிய மெழுகு துணியில் பட்டதும் இறுகிவிடும். அடுத்த தீற்றல் அதன்மேல் அமருமேயொழிய அதோடு கலக்காது. எனவே கை சென்ற ஒவ்வொரு இடமும், தயங்கியதும் திரும்பியதும் உட்பட, தனித்தனியாக உறைந்து கிடக்கிறது. மெழுகு ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் அடியில் ஒட்டிய செய்தித்தாள் துணுக்குகளும் மங்கலாகத் தெரிகின்றன. எழுத்துகள் கண்ணுக்குப் படுகின்றன, ஆனால் செய்தி கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் சொந்தமான, ஆலையில் தைத்தது போன்ற ஒரு சின்னம். அருகில் வந்தால் ஒரு தனிமனிதரின் கைத்தடங்களும் அவர் வாழ்ந்த நாட்களின் காகிதங்களும். இப்போது இதையே வழவழப்பான எனாமலில் கற்பனை செய்து பாருங்கள். கொடி இருக்கும். படம் இருக்காது.

மெழுகு வண்ணம் புதியது அன்று என்பதையும் இடையில் குறிப்பிட வேண்டும். ரோமானியர் காலத்து எகிப்தில் இறந்தவர்களின் முகங்களை மம்மிகளின்மேல் வைப்பதற்காக மரப்பலகையில் மெழுகு வண்ணத்தால் தீட்டியிருக்கிறார்கள். பழைய மூலப்பொருளைத் தேடி எடுப்பதும் நவீனமாக இருக்க முடியும்.

ஜான்ஸின் காலத்தை ஒட்டிய வேறு சிலர், வண்ணத்தின் நடத்தையையே படத்தின் விஷயமாக்கினார்கள். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் கேன்வாஸைத் தரையில் விரித்து, தொழிற்சாலைத் தயாரிப்பான எனாமலைக் குச்சியாலும் காய்ந்து இறுகிய தூரிகையாலும் சொட்டவும் வீசவும் விட்டார். கலைஞர்களுக்கென்று செய்த குழாய் வண்ணம் இதற்கு உதவாது. அது கெட்டியானது, ஓடாது. நீளமாக, அறுபடாமல், காற்றில் கோடு இழுக்கக்கூடிய நெகிழ்ச்சி அந்த மலிவான எனாமலில்தான் இருந்தது. அவருடைய படத்தில் நாம் காண்பது ஓர் உடல் கேன்வாஸைச் சுற்றி நகர்ந்ததன் பதிவு என்றால், அதைப் பதிவு செய்யும் கருவி அந்த எனாமல்.

அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலரும் 1952இல், தம் 23ஆம் வயதில், ‘மலைகளும் கடலும்’ என்ற படத்துக்காகக் கேன்வாஸைத் தரையில்தான் விரித்தார். ஆனால் அவர் செய்தது இதற்கு ஏறத்தாழ நேரெதிர். எண்ணெய் வண்ணம் தீட்டும் முன் கேன்வாஸில் அடிப்பூச்சு கொடுப்பது வழக்கம்; எண்ணெய் துணியில் இறங்கினால் காலப்போக்கில் இழைகள் நொய்ந்துபோகும். அவர் அந்தப் பூச்சே இல்லாத வெறும் துணியில், நீர்போல் இளக்கிய எண்ணெய் வண்ணத்தை ஊற்றி, அது ஊறிப் பரவட்டும் என்று விட்டார். வண்ணம் துணியின்மேல் ஒரு தோலாகப் படியவில்லை. துணியே நிறம் மாறியது. நிறத்தின் விளிம்பைத் தாண்டி எண்ணெய் மட்டும் கசிந்து, ஒவ்வொரு கறையைச் சுற்றிலும் மெல்லிய வளையம் உண்டாயிற்று. கடற்கரை ஒன்றின் நினைவாக வரைந்த அந்தப் படத்தில் நிலம், நீர் என்று பிரித்துச் சொல்ல எதுவுமில்லை. எனினும் நீர் மணலில் ஊறும் செயல் படத்தில் உண்மையாகவே நடந்திருக்கிறது. தனிப்பட்ட முறையில், மூலப்பொருளும் அர்த்தமும் ஒன்றாகக் கரைந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன், அந்த எண்ணெய் துணியைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது தெரிந்தே.

அக்ரிலிக்குக்கு டேவிட் ஹாக்னியின் 1967ஆம் ஆண்டுப் படமான ‘பெரிய தெறிப்பு’ ஒன்றே போதும். கலிஃபோர்னியாவின் கடும் வெயிலில் ஒரு நீச்சல்குளம். யாரோ இப்போதுதான் குதித்திருக்கிறார்கள், ஆளைக் காணவில்லை. வானமும் சுவரும் நீர்ப்பரப்பும் உருளையால் தேய்த்த தட்டையான அக்ரிலிக் பட்டைகள். தூரிகைத் தடமே இல்லை. ஓரிரு நொடியில் அடங்கிவிடும் அந்தத் தெறிப்பை மட்டும் சிறிய தூரிகைகளால் ஏறத்தாழ இரண்டு வாரம் வரைந்ததாக ஹாக்னி கூறியிருக்கிறார். எண்ணெய் வண்ணத்தில் வரும் செழுமையான ஆழம் அக்ரிலிக்கில் குறைவு என்பது பலரின் குறை. இங்கே அந்த ஆழமின்மைதான் தேவைப்பட்டது. நிழலுக்கு இடமில்லாத நண்பகலையும் ஒரு வெறுமையையும் அது தருகிறது.

சில மூலப்பொருள்கள் ஓவியத்துக்கு வருமுன்பே ஒரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டு வருகின்றன. இத்தாலிய மருத்துவரான அல்பெர்ட்டோ புர்ரி இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு, டெக்சாஸிலுள்ள போர்க்கைதிகள் முகாமில் இருந்தபோது ஓவியரானவர். 1950களின் தொடக்கத்தில் கிழிந்த சாக்குகளைத் தைத்து ஒட்டிப் படங்கள் செய்தார். தையலைக் காயத்தின் தையலாகப் பார்ப்பவர்கள் பலர். புர்ரி அந்த வாசிப்பை ஊக்குவிக்கவில்லை என்றாலும், சாக்கின் கிழிசல் அதைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

ஆன்செல்ம் கீஃபர் 1945இல், போர் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் பிறந்தவர். அவருடைய 1981ஆம் ஆண்டுப் படமான ‘மார்கரெட்’டில் எண்ணெய், அக்ரிலிக் ஆகியவற்றோடு உண்மையான வைக்கோலும் ஒட்டப்பட்டிருக்கிறது. நாஜி வதைமுகாமைப் பற்றி பால் செலான் எழுதிய கவிதையில் இரு பெண்கள் வருகிறார்கள்: பொன்னிறக் கூந்தலுள்ள ஜெர்மானியப் பெண் மார்கரெட், சாம்பல் நிறக் கூந்தலுள்ள யூதப் பெண் சூலமித். கீஃபரின் படத்தில் அந்தப் பொன்னிறக் கூந்தல் வைக்கோலாகிறது. மஞ்சள் வண்ணத்தில் தீட்டியிருந்தால் அது கூந்தலின் நிறமாக மட்டும் இருந்திருக்கும். வைக்கோல் வயலிலிருந்து வருகிறது, ஆகவே மண்ணையும் அறுவடையையும் பெருமையாகப் பேசிய ஒரு நாட்டை நினைவூட்டுகிறது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் சாம்பலாகும், அதாவது மற்றப் பெண்ணின் கூந்தலாகும். இவ்வளவும் ஒரு கைப்பிடி வைக்கோலுக்குள் இருக்கிறது. அதே சமயம், வைக்கோல் என்றால் எப்போதும் இதுதான் என்று மனப்பாடம் செய்துகொள்வது பயன்தராது. மூலப்பொருள்களுக்கு அகராதி இல்லை. கவிதையும் நாடும் காலமும் சேர்ந்துதான் அந்த வைக்கோலைப் பேச வைத்தன. அத்தகைய காரணம் ஏதுமின்றி, வியப்பூட்டுவதற்காகவே விநோதமான பொருளை ஒட்டிய படங்களும் ஏராளம் உண்டு. மாற்றிப் பார்க்கும் பயிற்சியில் அவை உடனே தோற்றுவிடும்.

கோட்டோவியத்தில் மூலப்பொருள்கள் குறைவு. அதனாலேயே ஒவ்வொன்றும் கூர்மையாகப் பேசும். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை வங்க ஓவியர் ஜைனுல் ஆபெதின் கல்கத்தாத் தெருக்களில் கண்டு, பொட்டலம் கட்டும் மலிவான தாளில் கறுப்பு மையும் தூரிகையும் கொண்டு வரைந்தார். பழுப்பேறிய அந்தத் தாளில் எலும்பும் தோலுமான உடல்களுக்குச் சில தடித்த கோடுகளே போதுமாயிருந்தன. அதே பஞ்சத்தை இளைஞராகப் பார்த்த சோம்நாத் ஹோர், 1970களில் ‘காயங்கள்’ என்ற வரிசையில் மையையே விட்டுவிட்டார். மெழுகு, களிமண் தகடுகளைக் கத்தியால் கீறிச் சுட்டு, அவற்றிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தி உலர்த்தினார். கிடைத்தது வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு. காகிதத்தின்மேல் காயத்தின் படம் வரையப்படவில்லை. காகிதம் காயத்தோடேயே பிறந்தது.

கரித்துண்டின் இயல்பு, அது முழுதாக அழியாது என்பது. துடைத்தாலும் சாம்பல் நிறப் படலம் தங்கிவிடும். ஓவியம் பயில்வோர் இதைத் தொல்லையாகக் கருதுவார்கள். தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிஜ் 1989 முதல் இதைக்கொண்டே அசைபடங்கள் செய்துவருகிறார். ஒரு காட்சிக்கு ஒரு தாள்; வரைந்து, கேமராவில் ஓரிரு சட்டகங்கள் (ஃபிரேம்கள்) பதிவு செய்து, திரும்பிவந்து சிறிது அழித்து மாற்றி வரைந்து, மறுபடியும் பதிவு. நகரும் உருவத்தின் பின்னால் அது சற்று முன்பு இருந்த இடத்தின் நிழல் தொடர்ந்துகொண்டே இருக்கும். நிறவெறி ஆட்சியின் இறுதியாண்டுகளில், கொல்லப்பட்டவர்களின் உடல்கள் நிலத்தோடு நிலமாகிவிடும் காட்சியை அவர் இப்படி வரைந்தபோது, மறக்கச் சொல்லும் நிலமும் மறக்க மறுக்கும் தாளும் எதிரெதிரே நின்றன.

ஒரு படத்தில் அழிப்பதையே முழுவேலையாகச் செய்தவர் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க். 1953இல் அவர், அப்போதே புகழ்பெற்றிருந்த ஓவியர் வில்லெம் டி கூனிங்கிடம் சென்று, அழிப்பதற்காக ஒரு கோட்டோவியம் கேட்டார். டி கூனிங் வேண்டுமென்றே அழிக்கக் கடினமான ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். பல வார உழைப்புக்குப் பின் எஞ்சியது, ஏறக்குறைய வெறுமையான ஒரு தாள். சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதற்குரிய மூன்றாம் வரி இவ்வாறு போகிறது: தாளில் வரைபொருள்களின் எச்சங்கள், பெயர்ச்சீட்டு, பொன்முலாம் பூசிய சட்டம். நான் அறிந்தவரை இதைவிடச் சுவையான மூன்றாம் வரி கிடையாது.

மூன்றாம் வரி சொல்லாமல் விடும் ஒரு மூலப்பொருளும் உண்டு, அது காலம். வின்சென்ட் வான் கோ 1888இல் ஆர்ல் நகரில் தம் படுக்கையறையைத் தீட்டியபோது, சுவர்கள் வெளிறிய ஊதா நிறம் என்று கடிதத்தில் எழுதினார். நிறங்களின் வழியாகவே ஓய்வை உணர்த்த வேண்டும் என்பது அவர் நோக்கம். இன்று ஆம்ஸ்டர்டாமில் அந்தப் படத்தின்முன் நிற்பவர்கள் காண்பது நீலச் சுவர்களை. ஊதாவுக்காக நீலத்தோடு அவர் கலந்த சிவப்பு நிறமி ஒளிபட்டு வெளுத்துப்போய்விட்டது. இம்ப்ரெஷனிஸ்ட் காலத்துப் புதிய வண்ணங்கள் நிலையற்றவை என்பது அவருக்குத் தெரியும். காலம் எப்படியும் தணித்துவிடும் என்பதால் அவற்றை இன்னும் துணிந்து, பச்சையாகவே பயன்படுத்த வேண்டும் என்று அதே ஆண்டில் தம் தம்பிக்கு எழுதியும் இருக்கிறார். அட்டையில் ‘கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 1888’ என்று இருக்கிறது. அந்த ஊதா இப்போது கடிதத்தில் மட்டுமே இருக்கிறது.